குமாரன் என்னும் சொல்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறேன். காலை பஸ்ஸில் மலையேறி மாலையில் இறங்குபவன். முருக பக்தன். ஆனால் என் சாமியைப் பற்றி யாரிடமும் பிரசங்கம் செய்ததில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஓர் அண்ணன் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கிறிஸ்தவர், உதவி என்றால் முதலில் வந்து நிற்பவர். ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ‘இயேசு ஒருவரே தேவனுடைய குமாரன், மற்றதெல்லாம் கல்’ என்று ஆரம்பித்துவிடுவார். மூன்று வருடங்கள் கேட்டுக்கொண்டிருந்தேன். போன மாதம் பொறுமை போய்விட்டது. அலைபேசியில் வந்த ஒரு குறிப்பைப் பார்த்து, அவருடைய பைபிள் வசனங்களையே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். யாத்திராகமம் 4:22-இல் இஸ்ரவேல் தேவனுடைய மூத்த மகன். லூக்கா 3:38-இல் ஆதாம் தேவனுடைய மகன். சங்கீதம் 82:6-இல் எல்லாருமே உன்னதமானவரின் மக்கள். மத்தேயு 5:9-இல் சமாதானம் பண்ணுகிறவர்கள் தேவனுடைய புத்திரர். அப்படியிருக்க ‘ஒருவரே’ எப்படி வந்தது? ‘என் பிதா என்னிலும் பெரியவர்’ என்று யோவான் 14:28-இல் இயேசுவே சொல்கிறாரே, அந்த நாளைக் குமாரனும் அறியார் என்று மாற்கு 13:32-இல் இருக்கிறதே என்று எட்டுப் பேர் முன்னால் வாசித்துக் கேட்டேன். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து என்னோடு சாப்பிட உட்காருவதில்லை.

என் வாதத்தில் ஓட்டை இருக்கிறதா? அவர் பதில் சொல்லவில்லை என்றால் நான் சொன்னது சரி என்றுதானே பொருள்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

லூக்கா 3:38-ஐ நீங்கள் பைபிளைத் திறந்து பார்த்து எழுதவில்லை. எப்படித் தெரியும் என்றால், தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலோர் கையில் இருப்பது வேதாகமச் சங்கத்தின் பழைய மொழிபெயர்ப்பு. உங்கள் அண்ணனிடமும் அதுதான் இருக்கும். அதில் அந்த இடத்தில் ‘மகன்’ என்ற சொல்லே இல்லை. இயேசுவிலிருந்து பின்னோக்கி, இன்னார் இன்னாருடைய குமாரன் என்று எழுபதுக்கும் மேற்பட்ட தலைமுறைகளை ஏணிப்படி போல ஏறிப்போகும் பட்டியல் அது. கடைசிப் படியில், ‘சேத் ஆதாமின் குமாரன், ஆதாம் தேவனால் உண்டானவன்’ என்று முடிகிறது. அண்ணன் மட்டும் அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டியிருந்தால் எட்டுப் பேர் முன்னால் உங்கள் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கிரேக்க மூலத்தில் உங்கள் குறிப்பு சொல்வதுதான் சரி. அங்கே ‘குமாரன்’ என்ற சொல் பட்டியலின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான் வருகிறது. பிறகு சேத்தின், ஆதாமின், தேவனின் என்று வேற்றுமை உருபு மட்டுமே தொடர்கிறது. சேத்துக்கு ஆதாம் எப்படியோ, இலக்கணப்படி ஆதாமுக்குத் தேவன் அப்படி. மற்ற எல்லாப் படியிலும் தாராளமாகக் ‘குமாரன்’ போட்ட தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் கடைசிப் படியில் மட்டும் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். ஏன்? என் ஊகம் இது. கி.பி. 325-இல் நைசியாவில் கூடிய ஆயர்கள் குமாரனைப் பற்றி ஒரு வரையறை செய்தார்கள்: அவர் பிறப்பிக்கப்பட்டவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர். பிறப்பது வேறு, உண்டாவது வேறு. ஆதாம் உண்டானவன். அந்தத் தீர்ப்புதான் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழித்து லூக்காவின் தமிழுக்குள் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சரி, சொல்லின் விஷயத்துக்கு வருவோம். எபிரெய மொழியில் ‘இன்னதன் மகன்’ என்பது ஒரு சாதாரணப் பேச்சு வழக்கு. நாம் மண்ணின் மைந்தன் என்கிறோமே, அதுபோல. மாற்கு 3:17-இல் யாக்கோபையும் யோவானையும் ‘இடிமுழக்க மக்கள்’ என்கிறார் இயேசு. அவர்களுடைய அப்பா இடி இல்லை, செபெதேயு, மீன் பிடிப்பவர். இஸ்ரவேல் மக்களும் தாவீதின் வழிவந்த அரசனும் தேவனுடைய குமாரன் எனப்பட்டதும் இந்த வழக்கில்தான். ஆக, பட்டம் பொதுவானது என்பதில் உங்களுக்கு முழு வெற்றி. கிறிஸ்தவ அறிஞர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். ‘தேவனுடைய குமாரன்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் காட்டி ‘பார், இவரே கடவுள்’ என்று சொல்லும் தெருமுனைப் பிரசங்கிகள்தான் தடுமாறுவார்கள்.

ஆனால் அதற்கு மேல் ஒரு படிகூட அந்த வாதம் ஏறாது. நம் சேலத்துப் பக்கம் பெற்ற பிள்ளையை ‘சாமி’ என்றுதான் கூப்பிடுகிறோம். ‘சாப்பிடு சாமி’ என்று கெஞ்சுகிறோம். அதைக் காட்டி, கோட்டை மாரியம்மன் சாமியே இல்லை என்று யாராவது வாதாடியதுண்டா? சுவிசேஷக்காரர்கள் தங்கள் நம்பிக்கையைப் பட்டத்தின் மேல் மட்டும் கட்டவில்லை. மாற்கு 12-இல் திராட்சைத் தோட்டத்தின் கதை வருகிறது. தோட்டத்தின் சொந்தக்காரன் குத்தகை கேட்டு ஊழியக்காரர்களை ஒருவர்பின் ஒருவராக அனுப்புகிறான். எல்லாரும் அடிபடுகிறார்கள், சிலர் கொல்லப்படுகிறார்கள். கடைசியாக அனுப்ப ஒரே ஒரு பிரியமான மகன்தான் மிச்சம். அந்தக் கதையில் மகன் வேறு, ஊழியக்காரர் வேறு. யோவான் இன்னும் கறாரானவர். தேவனோடு இயேசுவுக்குள்ள உறவைச் சொல்லக் கிரேக்கத்தில் ‘மகன்’ என்ற சொல்லையும், விசுவாசிகளுக்குப் ‘பிள்ளைகள்’ என்ற வேறு சொல்லையும் வைத்திருக்கிறார். தமிழிலும் யோவான் 1:12-ஐப் பாருங்கள், ‘தேவனுடைய பிள்ளைகள்’ என்றுதான் இருக்கும்.

சங்கீதம் 82-ஐ நீங்கள் எடுத்துக்கொண்டதற்கு ஒரு சபாஷ். இயேசுவே அதை எடுக்கிறார், யோவான் 10:34-இல். தன்னைத் தேவனாக்கிக்கொள்கிறான் என்று கல்லை எடுத்தவர்களிடம், ‘தேவர்களாயிருக்கிறீர்கள் என்று உங்கள் வேதத்தில் எழுதியிருக்கிறதல்லவா’ என்கிறார். இதை வைத்து, அவர் தன்னை எல்லாரையும் போன்ற மகன் என்றுதான் சொன்னார் என்பார்கள். நம் தர்க்க நூல்களில் கைமுதிக நியாயம் என்று ஒன்று உண்டு. சின்னதற்கே இது பொருந்தும் என்றால் பெரியதைச் சொல்லவா வேண்டும் என்பது. யூத ரபிகளும் இதே முறையில் வாதிடுவார்கள். தேவ வசனத்தைப் பெற்றுக்கொண்டவர்களுக்கே அந்தப் பெயர் தகும் என்றால், பிதா அனுப்பியவர் சொன்னால் மட்டும் தூஷணமா என்பதுதான் அங்குள்ள கேள்வி. அது பணிவு அன்று. கேட்டவர்களும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து வசனங்கள் தள்ளிப் போனால் மறுபடியும் அவரைப் பிடிக்கத் தேடுகிறார்கள்.

‘பிதா என்னிலும் பெரியவர்’, ‘குமாரனும் அறியார்’ ஆகிய இரண்டும் உங்கள் தாளில் கனமானவை. இவற்றை உங்கள் அண்ணனின் சபைக்கு வெளியே யாரோ கண்டுபிடித்ததாக மட்டும் நினைக்காதீர்கள். நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஆரியஸ் என்ற பாதிரியார் குமாரனுக்கு ஒரு தொடக்கம் உண்டு என்றார். அவரும் அவரைச் சார்ந்தவர்களும் நீதிமொழிகள் 8:22-ஐயும் யோவான் 14:28-ஐயும் முன்னால் வைத்துத்தான் போரிட்டார்கள். ஆரியஸ் தன் கருத்தைப் பாட்டாக எழுதிவைத்தார். கான்ஸ்டான்டினோப்பிளில் சில்லறை கேட்டால் பிறந்தவர் பிறவாதவர் என்று தத்துவம் பேசுகிறார்கள், ரொட்டி என்ன விலை என்றால் பிதா பெரியவர் குமாரன் சிறியவர் என்கிறார்கள் என்று அந்தக் காலத்து ஆயர் நிசாவின் கிரெகோரி அலுத்துக்கொண்டார். செவ்வாய்ப்பேட்டைக் கடையில் வெல்லம் விலை கேட்டு இப்படி ஒரு பதில் வந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

தோற்ற ஆரியஸ் கட்சியின் வசனங்களை வென்ற கட்சி கிழித்துப் போடவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. சங்கடப்பட்ட தடயம் உண்டு. மாற்கு 13:32-க்கு இணையான மத்தேயு 24:36-ஐ உங்கள் அண்ணனின் பைபிளில் பாருங்கள். தூதர்கள் அறியார்கள் என்று இருக்கும், குமாரனும் அறியார் என்பது இருக்காது. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் அது இருக்கிறது, பிற்காலத்துப் பல பிரதிகளில் இல்லை. எங்கோ ஒரு பிரதியாளரின் எழுத்தாணி தயங்கியிருக்கிறது. ஆனால் மாற்கில் அப்படியே விட்டுவிட்டார்கள். அதை ஞாயிற்றுக்கிழமைகளில் உரக்க வாசிக்கவும் செய்கிறார்கள். மனிதத் தன்மையில் அறியார், தெய்வத் தன்மையில் அறிவார் என்று பிற்காலத் திருச்சபை சொன்ன விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. விடையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டதுபோல் இருக்கிறது. நான் கிறிஸ்தவன் இல்லை, அதனால் எனக்கு அந்தச் சுதந்திரம் இருக்கிறது. ஆனால் கிறிஸ்தவராக இருந்துகொண்டே இப்படி நினைத்த தமிழரும் உண்டு. திருவேங்கடமாகப் பிறந்து வில்லியம் ராபர்ட்ஸ் ஆனவர், 1795-இல் மதராசில் திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை, ஏற்காத ஒரு கிறிஸ்தவச் சபையைத் தொடங்கினார்.

நீங்கள் தினமும் ஏறும் மலைக்கும் இந்தச் சண்டைக்கும் ஒரு தொடுப்பு இருக்கிறது. பீட்டர் பெர்சிவல் 1882-இல் ஏற்காட்டில்தான் இறந்தார். பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் மாமனார் இவர். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் பாதிரியாராக இருந்தபோது பைபிளைத் தமிழில் பெயர்த்தார். கூட இருந்து உழைத்தவர் அவருடைய மாணவர் ஆறுமுக நாவலர், கிறிஸ்தவராகாத சைவர். பிறகு மிஷனரிகள் சைவத்தை இகழ்ந்து துண்டுப்பிரசுரம் எழுதியபோது, நாவலர் 1854-இல் சைவதூஷண பரிகாரம் எழுதினார். கோயில், விளக்கு, தூபம், நைவேத்தியம் என்று நீங்கள் கேலி செய்வதெல்லாம் உங்கள் பழைய ஏற்பாட்டிலேயே கட்டளையாக இருக்கிறதே என்று வசனம் வசனமாகக் காட்டினார். நீங்கள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். ஆனால் நாவலர் பைபிளோடு ஆண்டுக்கணக்கில் இரவு பகலாகக் கிடந்தவர். என் வீட்டின் மேல் கல்லெறியாதே என்பதற்காக அதை எடுத்தார். ‘மற்றதெல்லாம் கல்’ என்ற சொல்லுக்கு நீங்கள் நாவலரின் பதிலைச் சொல்லியிருக்கலாம். நீங்களோ கல் பேச்சை விட்டுவிட்டுக் குமாரன் பக்கம் திரும்பிவிட்டீர்கள்.

அதுவும் யார், நீங்களா! முருக பக்தர்! ‘அருவமும் உருவும் ஆகி அநாதியாய்’ என்று தொடங்கி, ‘ஒரு திருமுருகன் வந்து ஆங்கு உதித்தனன்’ என்று கந்தபுராணம் பாடுகிறது. அநாதி என்றால் தொடக்கம் இல்லாதவன். தொடக்கம் இல்லாதவனுக்கு உதித்த நாள் எப்படி வந்தது, வைகாசி விசாகம் எதற்கு என்று உங்கள் அண்ணன் எட்டுப் பேர் முன்னால் தாளை நீட்டினால் என்ன சொல்வீர்கள்? கச்சியப்பர் அது தெரியாமலா ஒரே பாட்டில் இரண்டையும் வைத்தார்? எனக்கு இது கல்லூரி நாளில் உறைத்தது. விடுதியில் என்னோடு இருந்த கத்தோலிக்க நண்பனிடம், ‘நீ என்னை நல்லவன் என்று சொல்வானேன்’ என்ற மாற்கு 10:18-ஐ வெற்றிப் புன்னகையோடு காட்டினேன். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, ‘தெரிந்துதானே கும்பிடுகிறோம்’ என்றான். அன்று அது எனக்கு மழுப்பலாகப் பட்டது.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் தாளில் இருக்கும் எல்லாவற்றையும்விட அது ஆழமானது. சங்கீதம் 2:7, ‘நீர் என்னுடைய குமாரன், இன்று நான் உம்மை ஜநிப்பித்தேன்’ என்கிறது. எந்த ‘இன்று’? அப்போஸ்தலர் நடபடிகள் 13:33-இல் பவுல் இந்த வசனத்தை உயிர்த்தெழுதலோடு சேர்க்கிறார். ரோமர் 1:4-உம் உயிர்த்தெழுதலைத்தான் சொல்கிறது. ‘குமாரனென்று ரூபிக்கப்பட்ட’ என்று தமிழில் இருக்கும் இடத்தில், மூலச் சொல்லுக்கு ‘நியமிக்கப்பட்ட’ என்றும் பொருள் கொள்ளலாம். மாற்கு தன் கதையைத் தொடங்கும்போது, யோர்தான் நதியில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறுகையில் ‘நீர் என்னுடைய நேசகுமாரன்’ என்ற குரல் கேட்கிறது. லூக்கா 1:35-இல் மரியாளின் வயிற்றில் உருவாகும்போதே அந்தப் பெயர் வந்துவிடுகிறது. யோவானோ ‘ஆதியிலே வார்த்தை இருந்தது’ என்று காலத்துக்கு முன்னால் போய்விடுகிறார். ஒரே ‘இன்று’ கல்லறையிலிருந்து நதிக்கும், நதியிலிருந்து கருப்பைக்கும், அங்கிருந்து ஆதிக்கும் பின்னோக்கி நடந்திருக்கிறது. இறையியலாளர்கள் இதை வைத்து இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நம்பிக்கை வளர்ந்தது என்கிறார்கள் சிலர். இருந்ததைத்தான் மெல்ல மெல்லக் கண்டுகொண்டார்கள் என்கிறார்கள் வேறு சிலர். நான் முதல் கட்சி. ஆனால் இரண்டாம் கட்சியைச் சேர்ந்த ஒருவரோடு ஒரு மாலை முழுக்கப் பேசிவிட்டு, தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன்.

அண்ணன் பதில் சொல்லாதது பதில் இல்லாததாலா, எட்டுப் பேர் இருந்ததாலா என்று எனக்குத் தெரியாது. பத்து வயது மூத்தவர், தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். தாளை எடுப்பதற்கு முன்னால் ‘மற்றதெல்லாம் கல் என்று சொல்லாதீர்கள் அண்ணே, வலிக்கிறது’ என்று ஒரு தடவையாவது அவரிடம் சொன்னீர்களா? மூன்று வருடங்கள் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

மாலை பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கியாக வேண்டுமே, அவரும் அதே பஸ் என்றால் பக்கத்தில் இடம் பிடியுங்கள். முதலில் அதைச் சொல்லுங்கள். பிறகு அவர் பேசினால், லூக்கா 3:38-ஐ உங்கள் பைபிளைப் பார்க்காமல் எழுதிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு, அந்த ‘இன்று’ எந்த நாள் அண்ணே என்று கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.