இரண்டாவது விருப்பைக் குறித்தால் முதல் வாக்கின் பலம் குறையுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "2024 ஜனாதிபதித் தேர்தலில், வெல்லமாட்டார் என்று தெரிந்தே ஒரு தமிழ் வேட்பாளருக்கு முதல் விருப்பாக 1 போட்டேன். வேறு இருவருக்கு அடுத்த விருப்புகளாக 2, 3 போட்டால் முதல் வாக்கின் பெறுமதி அரைவாசியாகிவிடும் என்று வீட்டுக்கு வந்த ஒருவர் சொன்னதால் மற்றப் பெட்டிகளை வெறுமையாக விட்டேன். இப்போது தங்கையின் கணவர், 'கொழும்பில் இருக்கிற சனத்துக்குள் உங்கள் வாக்கு எங்கே தெரியப்போகிறது, பெயரை யாழ்ப்பாணத்துக்கு மாற்றுங்கள், அங்கே பலம் கூட' என்கிறார். மாற்றித் தர ஒருவர் காசும் கேட்கிறார். என்ன செய்ய?"

முதலில் காசு கேட்பவரை அனுப்பிவிடுங்கள். ஜனாதிபதித் தேர்தலில் முழு இலங்கையும் ஒரே தொகுதி. கொழும்பு மாவட்டத்தில் பதிவான வாக்காளர்கள் 17 இலட்சத்துக்கும் மேல், யாழ்ப்பாணத்தில் 6 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் இரண்டு இடத்திலும் போடும் வாக்கு ஒரே குவியலில்தான் சேர்கிறது. 22 தேர்தல் மாவட்டங்களின் முடிவுகளையும் தொலைக்காட்சியில் வர்ணம் பூசிய வரைபடத்தோடு ஒவ்வொன்றாக அறிவிப்பதால், மாவட்டத்தை வென்றால் ஏதோ கிடைக்கிறது என்ற எண்ணம் சனத்துக்கு வந்துவிட்டது. ஒன்றும் கிடைக்காது. அமெரிக்காவில்தான் அந்தக் கதை. அங்கே அநேகமான மாநிலங்களில், கூடுதல் வாக்கு எடுத்தவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர் இடங்கள் (ஜனாதிபதியைத் தெரிவுசெய்பவர்களின் இடங்கள்) முழுவதும் போகும். 2000இல் புளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசம் நாட்டின் ஜனாதிபதியையே தீர்மானித்தது அதனால்தான். அந்த நாட்டுக் கணக்கைக் கொண்டுவந்து இங்கே வைத்து விற்கிறார்கள். வாக்காளர் இடாப்பில் பெயர், நீங்கள் வழமையாக வசிக்கும் இடத்தில் இருக்க வேண்டும். அதைக் கிராம சேவகர் ஊடாகச் செய்யலாம், ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. தரகரை நம்பிப்போனால் இங்கே பெயர் வெட்டுப்பட்டு, அங்கே ஆட்சேபனை வந்து, இரண்டு இடத்திலும் பெயர் இல்லாமல் நிற்க வேண்டி வரலாம். பாராளுமன்றத் தேர்தலில் மாவட்டத்துக்கு அர்த்தம் உண்டு. ஆனால் நீங்கள் கேட்டது அதை அல்ல.

சரி, முக்கியமான கேள்விக்கு வருவோம். இரண்டாவது விருப்பைக் குறித்தால் முதல் வாக்கின் பலம் ஒரு துளிகூடக் குறையாது. முதல் எண்ணிக்கையில் எல்லாச் சீட்டிலும் 1 மட்டும்தான் பார்க்கப்படும். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் ஒருவர் எடுத்தால் அத்தோடு முடிந்தது. ஒருவரும் எடுக்காவிட்டால் முதல் இருவரை வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் நீக்குவார்கள். நீக்கப்பட்டவர்களுக்கு 1 விழுந்த சீட்டுகளை மட்டும் திரும்ப எடுத்து, அவற்றில் அந்த இருவரில் யாருக்காவது 2 இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் 3. நீங்கள் 1 போட்டவர் முதல் இருவரில் ஒருவராக இருந்தால் உங்கள் சீட்டின் 2ஐ யாரும் பார்க்கவே மாட்டார்கள். அவர் நீக்கப்பட்டால் அவருக்கு நீங்கள் கொடுத்த 1 அவருடைய கணக்கில் அப்படியே பதிவாகித்தான் இருக்கும். இதில் எங்கே அரைவாசி ஆகிறது?

2024இல் நடந்ததைப் பாருங்கள். 1982 முதல் நடந்த எட்டுத் தேர்தல்களும் முதல் எண்ணிக்கையிலேயே முடிந்தன. ஒன்பதாவதில்தான் இரண்டாவது எண்ணிக்கை வந்தது. அநுர குமார திசாநாயக்க 56,34,915, சஜித் பிரேமதாச 43,63,035. மற்ற எல்லோருக்கும் சேர்த்து 33,21,666 வாக்குகள். இந்த 33 இலட்சத்தில் இரண்டாவது எண்ணிக்கையில் அநுரவுக்குச் சேர்ந்தது 1,05,264, சஜித்துக்கு 1,67,867. கூட்டினால் 2,73,131. நூறு பேரில் எட்டுப் பேரின் வாக்குத்தான் இரண்டாம் சுற்றுக்குப் போனது. மற்ற 92 பேரும் யார் ஜனாதிபதி என்ற கடைசிக் கேள்வியில் வாய் திறக்கவில்லை. அதே தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 3,00,300. பழுதான சீட்டுகள், கைமாறிய விருப்புகளைவிடக் கூட! இதைப் பார்த்த பிறகும் வாக்களிக்கும் முறையைத் தேர்தல் நெருங்கும்போது மட்டும் சொல்லிக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பாடசாலையில் கணித பாடத்திலேயே படிப்பிக்க வேண்டியது இது.

முடிவு மாறியிருக்குமா என்றால், உங்கள் வேட்பாளரின் வாக்குகள் மட்டும் மாறியிருந்தால் மாறியிராது. இடைவெளி 12 இலட்சத்துக்கு மேல். ஆனால் அந்த 33 இலட்சமும் 2, 3 குறித்திருந்து, அவற்றில் 69 வீதத்துக்குச் சற்று மேல் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் இரண்டாமவர் முந்தியிருப்பார். நடக்க முடியாத கணக்கல்ல.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. படித்தவர்களே இதில் பிழை விடுவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வென்றவர் 50 வீதத்துக்கு மேல் எடுத்தே ஆக வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அதனால், "என் வாக்கைக் கொடுக்காவிட்டால் அவரால் 50ஐத் தொட முடியாது" என்று 2ஐ வெறுமையாக விடுகிறார்கள். முதல் எண்ணிக்கைக்கு மட்டும்தான் அந்த நிபந்தனை. இரண்டாவதில் இருவரில் கூட எடுத்தவர் வென்றவர், அவ்வளவுதான். அநுரவின் இறுதித் தொகை 57,40,179. இதை 55.89 வீதம் என்று சொல்வது, எஞ்சிய இருவருடைய வாக்குகளை மட்டும் கூட்டி வகுத்த கணக்கு. செல்லுபடியான வாக்குகள் மொத்தம் 1,33,19,616. அதால் வகுத்தால் 43 வீதம்தான். அந்த 55.89 வீதக் கணக்கில், வகுக்கும் எண்ணிலிருந்தே உங்கள் வாக்கு வெளியே போய்விடுகிறது. நீங்கள் 2ஐ நிறுத்தி வைத்தால் அது எந்த வேட்பாளரையும் தடுக்காது. மற்றவர்கள் தீர்மானிப்பார்கள், நீங்கள் கணக்கில் இருக்கமாட்டீர்கள்.

கோடிக்கணக்கானோரில் ஒரு வாக்கு என்ன செய்யும் என்ற கவலைக்கும் கணிதம் பதில் வைத்திருக்கிறது. வாக்கின் பலம் என்பது, உங்கள் ஒரு வாக்கு முடிவைப் புரட்டுவதற்கான வாய்ப்பு. எல்லோரும் நாணயம் சுண்டியதுபோல் சரிபாதியாகப் பிரிந்தால், 1 கோடி 33 இலட்சம் பேரில் அந்த வாய்ப்பு ஏறத்தாழ 4,600க்கு ஒன்று. வாக்காளர் தொகை நான்கு மடங்கானாலும் அது பாதியாகத்தான் குறையும். 51க்கு 49 என்று சாய்ந்தாலே ஏறத்தாழப் பூச்சியம். ஆகவே போட்டி எவ்வளவு நெருக்கம் என்பதில்தான் பலம் தங்கியிருக்கிறது, கொழும்பா யாழ்ப்பாணமா என்பதில் அல்ல. 2005இல் மகிந்த ராஜபக்ச 50 வீதக் கோட்டைத் தாண்டியது வெறும் 28 ஆயிரம் சொச்ச வாக்குகளால். எதிர்த்துப் போட்டியிட்ட ரணில் விக்கிரமசிங்கவைவிட அவர் கூட எடுத்தது 1,80,786. தேர்தல் புறக்கணிப்பின் நடுவே யாழ்ப்பாண மாவட்டத்தின் ஏழு இலட்சம் வாக்காளர்களில் வாக்களித்தது 8,524 பேர். போடாமல் விட்ட வாக்குகள் அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு; இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

உங்கள் வீட்டுக்கு வந்தவர் போன்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. "எங்கள் ஆட்களின் வாக்கு என் கையில்" என்று மேலிடத்தில் பேரம் பேசுபவருக்கு, நீங்கள் 2ஐ உங்கள் விருப்பப்படி போடுவது பிடிக்காது. எண்ணிக் காட்டக்கூடிய 1தான் அவருக்கு வேண்டும். அவருடைய பேரத்துக்காக உங்கள் விருப்பை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். மனதுக்குப் பிடித்தவருக்கு 1 போடுங்கள். 2 அல்லது 3இல் ஒன்று, கடைசி இருவரில் வரக்கூடியவர் என்று நீங்கள் நினைப்பவருக்கு இருக்கட்டும். 2024இல் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 1, ரணிலுக்கு 2 போட்டு 3ஐ விட்ட சீட்டு, இருவருமே நீக்கப்பட்டதால் அங்கேயே நின்றது. அதே சீட்டில் சஜித்துக்கோ அநுரவுக்கோ 3 இருந்திருந்தால் அது அவரிடம் போயிருக்கும். முதல் இருவரில் ஒருவரையும் உங்களால் ஏற்க முடியாது என்றால் வெறுமையாக விடுங்கள், அது உங்கள் உரிமை. எண்களைப் போடுவதென்றால் மூன்றும் எண்களாகவே இருக்கட்டும். ஒருவருக்குப் புள்ளடி, இன்னொருவருக்கு 2 என்று கலக்க வேண்டாம். ஒரே எண்ணை இருவருக்குப் போடவும் வேண்டாம்.