பென்ஸ்டாக் குழாய் (மின்சாரம் எடுக்க மேட்டுத் தண்ணீரை டர்பைனுக்கு இறக்கும் குழாய்) போடும் முன்: கேள்வி பதில்

கேள்வி: ஓடையில் நொடிக்கு 300 லிட்டர் எடுக்கலாம். 60 மீட்டர் இறக்கம், 400 மீட்டர் நீளத்துக்கு இரும்புக் குழாய். விட்டம் 400 மி.மீ. போதுமா, 500 வேண்டுமா?

பதில்: அந்த 300 லிட்டர் வருடத்தில் எத்தனை மாதம் வரும்? முதலில் அதைச் சொல்லுங்கள். 400 மி.மீ. குழாயில் தண்ணீர் நொடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் ஓடும். உராய்வில் மட்டும் நாலரை மீட்டர் உயரம் போய்விடும். 500-இல் வேகம் ஒன்றரை மீட்டர்தான். இழப்பும் ஒன்றரை மீட்டருக்குள் நிற்கும். வித்தியாசம் சுமார் 6 கிலோவாட். மொத்தமே 130 கிலோவாட்டை ஒட்டித்தான் கிடைக்கும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் மழைக்காலம் போக மற்ற நாளெல்லாம் 150 லிட்டர்தான் என்றால், 400-இலும் இழப்பு ஒரு மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது கூடுதல் இரும்புக்குப் பணம் போடுவது வீண்.

கேள்வி: 500 மி.மீ. குழாய்க்கு 2 மி.மீ. தகடே போதும் என்று கணக்கு வருகிறது. கடைக்காரர் 6 மி.மீ. என்கிறார். ஏமாற்றுகிறாரா?

பதில்: இல்லை. உங்கள் கணக்கும் தப்பில்லை, ஆனால் அது உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்துக்கு மட்டும். 60 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் 6 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய காற்றழுத்தத்தின் அளவு). அதைத் தாங்க 2 மி.மீ. போதும். வெளியிலிருந்து நசுக்கும் காற்றை மறந்துவிட்டீர்கள். மேலே மதகை மூடி, கீழே வால்வு திறந்திருந்தால், இறங்கும் தண்ணீர் தனக்குப் பின்னால் வெற்றிடத்தை விட்டுச் செல்லும். கச்சிதமான வட்டமாக இருந்தாலே 500 மி.மீ. குழாய் முழு வெற்றிடத்தைத் தாங்க 3 மி.மீ. தகடு வேண்டும். கச்சிதமான வட்டத்தில் எந்தக் குழாயும் வருவதில்லை. துருவுக்கு இரண்டு மி.மீ. சேருங்கள், 5 அல்லது 6-இல் வந்து நிற்கும். மெல்லிய தகட்டில் போட்ட ஒரு குழாயை நானே பார்த்திருக்கிறேன்: மேல் முனையில் இருபது மீட்டருக்கு, உறிஞ்சிப்போட்ட ஜூஸ் பாக்கெட் மாதிரி ஒட்டிக்கிடந்தது. மதகுக்கு உடனே கீழே, குழாய் தொடங்கும் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேல் எழும்பி நிற்கும் காற்றுக்குழாய் ஒன்று வைத்திருந்தால் அது பிழைத்திருக்கும். தகடு எவ்வளவு தடிமனானாலும் அந்தக் காற்றுக்குழாயை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அவசரம் என்றால் வால்வைப் பட்டென்று மூடலாமா?

பதில்: கூடவே கூடாது! உங்கள் குழாய்க்குள் ஓடுவது 78 டன் தண்ணீர். பட்டென்று நிறுத்தினால் ஒரு அழுத்த அலை நொடிக்கு ஏறக்குறைய 1000 மீட்டர் வேகத்தில் மேலே போய்த் திரும்பும். 400 மீட்டருக்கு 0.8 நொடி. அதற்குள் மூடினால், நிறுத்திய ஒவ்வொரு மீட்டர் வேகத்துக்கும் சுமார் 100 மீட்டர் உயர அழுத்தம் கூடும். உங்கள் வேகம் ஒன்றரை மீட்டர், அதாவது 60-க்குக் கணக்குப் போட்ட குழாயில் 210. பத்து நொடி எடுத்துச் சீராகக் குறைத்தால் கூடுதல் 12 மீட்டரை ஒட்டித்தான். அதனால் கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பினாலே மூடிவிடும் பட்டர்ஃபிளை வால்வு வேண்டாம், சக்கரம் சுற்றும் கியர் வால்வு வாங்குங்கள். கடைசிக் கால்பங்கில்தான் ஓட்டம் உண்மையில் நிற்கும். அங்கே இன்னும் நிதானம். சரி, திடீரென்று லோடு (மின்சாரம் இழுக்கும் பளு) போய் டர்பைன் தறிகெட்டுச் சுற்றினால்? ஜெட் அடிக்கும் வகை என்றால் ஜெட்டை ஒதுக்கிவிடும் டிஃப்ளெக்டர் இருக்கும். மற்ற வகைகளில், வால்வு மெல்ல மூடும்வரை அந்த வேகத்தைத் தாங்கும் ஜெனரேட்டர் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எல்லாம் வெல்டிங்தானே, வளைவில் கான்கிரீட் எதற்கு?

பதில்: 45 டிகிரி வளைவை உங்கள் அழுத்தம் சுமார் 9 டன் விசையோடு வெளியே தள்ளும், இரவும் பகலும். அதோடு வெயிலையும் சேருங்கள்: 30 டிகிரி சூடேறினால் 100 மீட்டர் குழாய் 36 மி.மீ. நீளும். பெரிய கான்கிரீட் பிளாக், அதற்குச் சற்றுக் கீழே குழாய் நீளவும் சுருங்கவும் இடம் தரும் விரிவு இணைப்பு, இடையிலுள்ள தாங்கிகளில் குழாய் நழுவ இடம். இந்த மூன்றும் சேர்ந்தேதான் வேலை செய்யும்.

கேள்வி: புதைத்துவிட்டால்?

பதில்: வெயில் தொல்லை போகும், வெளிப்பூச்சு தரமாக இருக்க வேண்டும். அழுத்தச் சோதனை முடியாமல் மண்ணைத் தள்ளாதீர்கள்.

கேள்வி: பழைய எண்ணெய்க் குழாய் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

பதில்: அல்ட்ராசோனிக் கருவியோடு போய்த் தகட்டின் தடிமனை அளந்து பாருங்கள். விற்பவர் காட்டும் முனையில் மட்டும் வேண்டாம். ஒவ்வொரு துண்டிலும், உள்ளே தண்ணீர் தேங்கிய அடிப்பக்கத்தில். எங்காவது 4 மி.மீ.க்குக் கீழே காட்டினால் அந்தத் துண்டை ஒதுக்கி வையுங்கள்.