ஏர் பேக் போட்டால் சுமைத் திறன் அதிகரிக்காது

11,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்ட ஃபோர்டு எஃப்-150 பிக்கப், 7,000 பவுண்டு கேம்பர் டிரெய்லரை மாட்டியதும் பின்னால் தாழ்கிறது, பின் ஸ்பிரிங்குகளுக்குத் துணையாக ஏர் பேக் (காற்றுப் பை) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஓட்டுநர் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் இருப்பதாக நீங்கள் சொன்ன 1,450 பவுண்டுதான் உண்மையான வரம்பு; ஆட்கள், சாமான், டிரெய்லர் வண்டிமேல் அழுத்தும் எடை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். டிரெய்லரின் முன்பாரம், அதாவது அது வண்டியின் பின்புறத்தில் அழுத்தும் எடை, டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரும். 13 என்று வைத்தாலே 910. நீங்கள் நால்வரும் 600, டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் 100. மொத்தம் 1,610 ஆகிவிட்டது, இன்னும் சாமான் ஏற்றவில்லை!

ஏர் பேக் வண்டியை நிமிர்த்தும், வரம்பை உயர்த்தாது. குழந்தைகளோடு மலைச்சாலையில் இறங்கப் போகிறீர்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இதைவிடப் பெரிய எஃப்-250 பாருங்கள், இந்த எடைக்குப் பெட்ரோலே போதும். டீசல் இன்ஜினின் கூடுதல் எடை சுமைத் திறனைத் தின்றுவிடும். அப்புறம், வாங்கும் முன் அந்த வண்டியின் ஸ்டிக்கரையும் படித்துவிடுங்கள்.