கேளுங்க சொல்றேன்: கத்திரி வெயில்ல சென்னையில எங்க போறது?

லீவு விட்டாச்சு. பையனுக்கு பத்து வயசு, பொண்ணுக்கு ஏழு. கீபோர்டு, செஸ், அபாகஸ், ஸ்விம்மிங்னு தினமும் பேப்பர் நடுவுல ஒரு சம்மர் கேம்ப் நோட்டீஸ் விழுது. எதுல சேக்கறது?
– ஒரு அம்மா, நங்கநல்லூர்

ஸ்விம்மிங் மட்டும் சேருங்க, வெயிலுக்கும் ஆச்சு, ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கவும் ஆச்சு. மத்ததெல்லாம் ஸ்கூல் தொறந்தப்புறம் பாத்துக்கலாம்.

நடுவுல ஒரு நாள் ரெண்டு பேரையும் எழும்பூர் மியூசியம் கூட்டிட்டுப் போங்க. 1851ல ஆரம்பிச்ச இடம், ஆனா நம்ம ஊர்க்காரங்க நிறைய பேர் ஸ்கூல் டூர்ல வரிசையா போயிட்டு வந்ததோட சரி. முழுசா சுத்தணும்னு நினைக்காதீங்க, கால் கழண்டுடும், பசங்களும் பாதியிலயே ஐஸ்கிரீம் கேக்க ஆரம்பிச்சிடுவாங்க. நேரா வெண்கலச் சிலை பக்கம் போயிடுங்க. அங்க திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் இருக்கார், சோழர் காலத்துச் சிலை, பசங்கள கையை எண்ணச் சொல்லுங்க. மூணுதான் வரும். சிவன் பக்கம் ரெண்டு, அம்பாள் பக்கம் ஒண்ணு. அப்புறம் மத்த சிலைங்களோட பீடத்தை குனிஞ்சு பாக்கச் சொல்லுங்க, வளையம், ஓட்டைன்னு நிறைய இருக்கும், உற்சவத்துல கம்பு கோத்து தூக்கிட்டுப் போறதுக்காக செஞ்சது. அந்த சாமிங்க எல்லாம் ஒரு காலத்துல வீதிய சுத்தி வந்தவங்க. அதையே நேர்ல காட்டணும்னா சித்திரையில திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் பிரம்மோற்சவம் நடக்கும், ஒரு சாயங்காலம் மாடவீதியில நின்னு சாமிய தோள்ல சுமக்கற ஸ்ரீபாதம் தாங்கிகள் தோள் மாத்தறத காட்டுங்க, பீடத்துல ஏன் அந்த ஓட்டைன்னு அதுங்களே சொல்லிடும்.

மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு, அன்னிக்கு போய் நின்னுட்டு என்னைத் திட்டாதீங்க.

மார்கழி முடிஞ்சா சென்னையில கலைன்னு ஒண்ணுமே கிடையாதா சார்? ஏப்ரல், மே ரெண்டு மாசமும் ஓடிடியே கதின்னு கிடக்கேன்.
– ஐடி ஊழியர், பெரும்பாக்கம்

யாரு சொன்னது? சபாவுல நாடகம் சூடு பிடிக்கறதே இப்பதான். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் வருஷா வருஷம் கோடை நாடக விழா நடத்தறாங்க, புது நாடகங்கள் அங்க முதல்முதல்ல மேடை ஏறும். எல்லாமே பிரமாதம்னு சொல்லமாட்டேன், சிலது இன்னும் துணுக்குத் தோரணம்தான். ஏசியில உக்காந்து ரெண்டு மணி நேரம் சிரிச்சா போதும்னா போகலாம்.

ஆனா உங்க வயசுக்கு நான் சொல்றது வேற. பைக் இருக்குல்ல? ஒரு சனிக்கிழமை ராத்திரி காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு பக்கம் திரௌபதி அம்மன் கோயில் இருக்கற ஊரா பாத்து விடுங்க வண்டிய. இந்த வெயில் மாசங்கள்லதான் அங்க பாரதம் நடக்கும், பல ஊர்ல பதினெட்டு நாள், அதுக்கு மேலயும் போகும். பகல்ல பிரசங்கியார் மகாபாரதக் கதை சொல்லுவார், ராத்திரி அதே கதைய கூத்துக்காரங்க விடிய விடிய ஆடுவாங்க. மரத்துல செஞ்சு கண்ணாடித் துண்டு பதிச்ச கிரீடமும், தோள்ல கட்டற புஜக்கீர்த்தியும் பெட்ரூம் சீலிங் லைட்டுல பாத்தா ஒண்ணுமே இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு முகவீணைங்கற குட்டி ஊதுகுழல் வீல்னு கத்த திரைய விலக்கிட்டு துரியோதனன் சுத்தி சுத்தி வர்றப்ப அது அடிக்கற மின்னல் இருக்கே, அப்ப தெரியும். நடுவுல கட்டியங்காரன், அதாவது கூத்துக் கோமாளி, வந்து உள்ளூர் பிரசிடென்ட்ல இருந்து உங்க ஹேர்ஸ்டைல் வரைக்கும் எல்லாத்தையும் கலாய்ப்பான், முன் வரிசையில உக்காந்தா தப்பிக்க முடியாது.

அர்ஜுனன் தபசு அன்னிக்கு வேஷக்காரர் ஒசரமான தபசு மரத்துல பாடிக்கிட்டே ஏறி மேலேருந்து எலுமிச்சம்பழம், பூ, விபூதியெல்லாம் போடுவார், குழந்தை வரம் கேட்டு பொண்ணுங்க கீழ காத்துட்டிருப்பாங்க. கடைசி நாள் படுகளம். தரையில மண்ணாலயே பிரம்மாண்டமா ஒரு துரியோதனன் படுத்திருப்பான், பீமன் தொடையில அடிப்பான், திரௌபதி கூந்தல முடிவா, சாயங்காலம் தீமிதி. இதுக்கு டிக்கெட் கிடையாது, புக்கிங் கிடையாது. தேதிய கூகுள்ல தேடி உக்காந்திருக்காதீங்க, அந்தப் பக்கத்து டீக்கடை செவுத்துல நோட்டீஸ் ஒட்டிருப்பாங்க, எந்த ஜமா, அதாவது கூத்துக் குழு, என்னிக்கு என்ன கதை ஆடுதுன்னு அதுலயே இருக்கும். உக்கார ஒரு போர்வை எடுத்துட்டுப் போங்க.

ரிட்டயர்டு ஆளு நான். பன்னெண்டு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் வீட்ல இருக்க முடியல. மால்ல போய் உக்காந்தா ஒரே இரைச்சல்.
– வில்லிவாக்கம் வாசகர்

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் போங்க ஐயா, 2010ல தொறந்தது, மாடி மாடியா புத்தகம், நம்ம சொந்த புத்தகத்தையும் கொண்டுபோய் படிக்க தனி இடமே வச்சிருக்காங்க. அங்க போட்டித் தேர்வுப் பசங்க கூட்டம் ஜாஸ்தி, கொஞ்சம் சீக்கிரம் போயிடணும். உங்களுக்கு கிட்டக்க வேணும்னா எழும்பூர் கன்னிமாரா, அது 1896லயே தொறந்தது. நாட்டுல வெளியாகற எல்லா புத்தகத்துலயும் ஒரு காப்பி போய்ச் சேரணும்னு சட்டம் போட்டிருக்கற நாலு லைப்ரரியில அதுவும் ஒண்ணு. நீங்க காலேஜ் நாள்ல படிச்சு தொலைச்ச புத்தகம் ஏதாவது இருந்தா கேட்டுப் பாருங்க.

கடல்காத்துன்னு நம்பி சாயங்காலம் மெரினா போனா சில நாள் அனலா அடிக்குது. ஏன்?
– ராயப்பேட்டை வாசகி

தரை சூடாகி அங்க இருக்கற காத்து மேல போனா அந்த இடத்துக்கு கடல்லேருந்து குளுந்த காத்து உள்ள வரணும், அதான் கணக்கு. ஆனா மேற்குக் காத்து பலமா இருந்தா அதை உள்ள விடாம தள்ளிக்கிட்டே இருக்கும், மதியம் வர வேண்டியது சாயங்காலம் வரும், சில நாள் வரவே வராது. வெயில் நாப்பது டிகிரிய தாண்டறது பெரும்பாலும் அப்பதான். 2003 மே 31ம் தேதி 45 டிகிரி தொட்டுச்சே, ஞாபகம் இருக்கா? கிளம்பறதுக்கு முன்னாடி மொட்டை மாடி ஏறி துணி எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாருங்க. கிழக்கால பறந்தா அன்னிக்கு பீச் வேணாம், மயிலாப்பூர்ல ஒரு ரோஸ்மில்க் குடிச்சிட்டு வீட்டுக்கு வந்துடுங்க.

ஊர்லேருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. தட்சிணசித்ரா கூட்டிட்டுப் போகலாமா?
– மேடவாக்கம் வாசகர்

தாராளமா. பழைய வீடுகள அந்தந்த ஊர்ல இருந்து பிரிச்சு எடுத்துட்டு வந்து முட்டுக்காட்டுல திரும்ப கட்டியிருக்காங்க, செட்டிநாட்டு வீட்டுத் திண்ணைய பாத்தா அப்பா அங்கயே உக்காந்துடுவார், எழுப்பாதீங்க. காலையில தொறந்ததும் போயிடுங்க, வீட்டுக்கு வீடு நடக்கறது வெயில்லதான். செவ்வாய்க்கிழமை லீவு.