சோற்றை மட்டும் விட வேண்டாம்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. பி.காம். இரண்டாம் ஆண்டு. பள்ளியில் மாநில அளவில் நீச்சல் போட்டிக்குப் போனவள். ஒரு வருடமாக டிரையத்லான் பைத்தியமாக இருக்கிறாள். காலை நாலரைக்கு எழுந்து நீச்சல், மாலையில் சைக்கிள் அல்லது ஓட்டம். இப்போது காலேஜை நிறுத்திவிட்டு முழு நேரமும் இதிலேயே இறங்கப் போகிறேன் என்கிறாள். உலக அளவில் ஜெயிக்க எல்லாவற்றையும் தியாகம் செய்ய வேண்டுமாம். எடை குறைய வேண்டும் என்று சோறு, எண்ணெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். அவள் அப்பா அவளோடு பேசுவதே இல்லை. அவள் சொல்வது உண்மையா? எதையெல்லாம் இழக்க வேண்டி வரும்?
– ஒரு தாய், கோவை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகள் சொல்வதில் பாதி உண்மை. இழக்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் அவள் முதலில் கைவைத்த இரண்டும், படிப்பும் சோறும், அதில் சேராது.

ஒலிம்பிக் டிரையத்லானில் ஒரே பந்தயத்தில் அடுத்தடுத்து 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். அயர்ன்மேன் என்ற நீண்ட டிரையத்லான் என்றால் அதே வரிசையில் 3.8, 180, 42.2 கி.மீ. முன்னணியில் இருப்பவர்கள் வாரத்துக்கு 25, 30 மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள். ஆபீஸ் வேலையைவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் மீதி நேரமும் அவர்கள் கையில் இல்லை. காலை நீச்சலுக்கும் மாலை ஓட்டத்துக்கும் நடுவில் தூங்கியாக வேண்டும். கல்யாண வீட்டில் மூன்று மணி நேரம் நின்றால் மறுநாள் கால் சொன்னபடி கேட்காது. தீபாவளிக்கு வருவாள், எட்டு மணிக்கே படுக்கப் போய்விடுவாள். தோழிகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒருநாள் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள். இந்த விளையாட்டு கேட்கும் பெரிய விலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். வலியைத் தாங்கப் பலரும் பழகிவிடுகிறார்கள். இப்படி ஒதுங்கி வாழ எல்லோராலும் முடிவதில்லை.

டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நார்வேக்காரர் கிறிஸ்டியன் புளூமென்ஃபெல்ட்டும் அவருடைய அணியினரும் ஸ்பெயினின் சியரா நெவாடா மலையில், 2,300 மீட்டர் உயரத்தில், வாரக்கணக்கில் தங்கிப் பயிற்சி செய்வார்கள். அங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவாகக் கிடைப்பதால் உடம்பு சிவப்பணுக்களை அதிகம் உண்டாக்கும். அத்தனை நாளும் வீடு எங்கோ இருக்கும்.

வெளியே அதிகம் தெரியாத இன்னொன்றும் உண்டு. ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் பெயர் வந்துவிட்டால், ஒவ்வொரு நாளும் எந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் அங்கே இல்லாமல் போவதும் விவரம் தராமல் விடுவதும் தவறு. 12 மாதத்தில் மூன்று முறை இப்படி நடந்தால், மருந்தே தொடாதவர்மீதும் தடை வரலாம்.

குடும்பமும் சேர்ந்துதான் கொடுக்கிறது. 2016இல் ரியோவில் தங்கம் வென்ற அமெரிக்காவின் க்வென் ஜோர்கென்சனின் கணவர் பேட்ரிக் லெமியூ தொழில்முறை சைக்கிள் வீரர். மனைவிக்குச் சமைத்துப் போடவும், கூடவே ஊர் ஊராகப் போகவும் தன் பந்தயங்களை விட்டார். உங்கள் வீட்டில் அந்த வேலை யார் தலையில் விழும் என்று உங்களுக்கே தெரியும். அதை இப்போதே மகளிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹவாயில் நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டியில் முதலிடத்துக்கு 1,25,000 டாலர். 15ஆம் இடத்துக்கு அப்புறம் பரிசுப் பணம் இல்லை. கோச், சைக்கிள், பிசியோ, விமான டிக்கெட் செலவெல்லாம் அதற்குப் பல வருடம் முன்பே தொடங்கிவிடும். பாரிஸ் 2024 வரை இந்தியாவிலிருந்து யாரும் ஒலிம்பிக் டிரையத்லானுக்குத் தகுதி பெற்றதில்லை. அவள் பின்பற்றிப் போக, இங்கே போட்டுவைத்த பாதை கிடையாது.

அதனால்தான் காலேஜை விட வேண்டாம் என்கிறேன். ஜோர்கென்சன் கணக்கியல் படித்து முடித்து, ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இங்கிலாந்தின் க்ரிஸ்ஸி வெலிங்டன் அரசு ஊழியராக இருந்து, 30 வயதில் தொழில்முறை வீராங்கனையானார். அதே ஆண்டு, 2007இல், ஹவாயில் ஜெயித்தார். ஸ்விட்சர்லாந்தின் நிக்கோலா ஸ்பிரிக் சட்டம் படித்தவர். 2012 ஒலிம்பிக்கில் தங்கம், குழந்தை பிறந்த பிறகு 2016இல் வெள்ளி, மூன்று குழந்தைகளுக்குப் பிறகு 39 வயதில் டோக்கியோவில் ஆறாம் இடம். ஒலிம்பிக்கில் இரண்டு முறை தங்கம் வென்ற அலிஸ்டர் பிரவுன்லீ கேம்பிரிட்ஜில் மருத்துவப் படிப்பை விட்டவர்தான். உங்கள் மகள் இதை நிச்சயம் எடுத்துச் சொல்வாள். ஆனால் அவர் லீட்ஸுக்கு வந்து, பயிற்சிக்கு ஒத்துவரும் வேறு படிப்பில் சேர்ந்து பட்டம் வாங்கினார். இந்த விளையாட்டில் உடம்பு முப்பதுகளிலும் நன்றாகவே ஓடும். பி.காம். முடிக்க இன்னும் ஒன்றரை வருடம் பொறுத்தால் எதுவும் கைநழுவிப் போகாது.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரி. சோறு, எண்ணெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள் என்ற வரி. கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது அதுதான்.

பெர்முடா என்ற குட்டித் தீவின் ஃப்ளோரா டஃபி 20 வயதில் பெய்ஜிங் ஒலிம்பிக்குப் போனார். பந்தயத்தை முடிக்கவே முடியவில்லை. உணவுக் கோளாறும் மனச்சோர்வும் சேர்ந்து அவரை அரித்திருந்தன. இதை அவரே பிறகு வெளிப்படையாகப் பேசினார். விளையாட்டையே விட்டுவிட்டு ஒரு கடையில் வேலை செய்தார், காலேஜுக்குப் போனார். உடம்பும் மனதும் தேறிய பிறகு மெல்லத் திரும்பி வந்தார். லண்டனில் 45ஆம் இடம், ரியோவில் எட்டாம் இடம், 33 வயதில் டோக்கியோவில் தங்கம். அவருடைய நாட்டுக்கே அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம்.

இத்தனை மணி நேரம் உழைக்கும் உடம்புக்குச் செலவுக்கு ஈடாகச் சாப்பாடு போகாவிட்டால், அது மற்ற வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிடும். முதலில் மாதவிடாய் தள்ளிப் போகும் அல்லது நிற்கும். பிறகு எலும்பு மெலிந்து, ஓடும்போது காலில் மெல்லிய விரிசல் விழும். 19 என்பது எலும்பு இன்னும் வலுவேறிக்கொண்டிருக்கும் வயது. அப்போது விட்டதைப் பின்னால் முழுதாக மீட்பது கஷ்டம். எடை குறைந்த புதிதில் பந்தயத்தை முடிக்கும் நேரமும் குறையும், அதை நம்பித்தான் பிள்ளைகள் ஏமாந்து போகிறார்கள். முன்னணி வீராங்கனைகள் சைக்கிளில் போய்க்கொண்டே கூடச் சாப்பிடுகிறார்கள். சோறு அவளுக்குப் பெட்ரோல்.

இன்று ராத்திரி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது என்று கேளுங்கள். திட்ட வேண்டாம். மூன்று மாதம் வரவில்லை என்றாலோ, பதில் சொல்லத் தயங்கினாலோ, இந்த வாரமே ஒரு பெண்கள் நல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவள் எத்தனை மணி நேரம் பயிற்சி செய்கிறாள் என்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ரத்தத்தில் இரும்புச் சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். விளையாட்டு வீரர்களுக்கு உணவு ஆலோசனை தருபவர் யாராவது கிடைத்தால் இன்னும் நல்லது. அவள் அப்பாவையும் கூட்டிப் போங்கள். பேச்சை நிறுத்தியவருக்கு மறுபடி தொடங்க ஒரு காரணம் வேண்டும். டாக்டர் வீட்டு வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவரே ஏதாவது பேசிவிடுவார்.