லுத்தரின் படம் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது

கேள்வி: எப்போதோ மறைந்துபோன கிறிஸ்தவ இறையியலாளர்களை விக்கிரகமாக்கிவிடாமல் மதிப்பது எப்படி?

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனாலும் கேள்வியைப் படித்ததும் ஒன்று தோன்றியது. யாரோ ஒருவருடைய எழுத்து உங்கள் விசுவாசத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. அதே ஆளைப் பற்றி இன்னொருவர் ஏதோ சொல்லி உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறார். சீர்திருத்த இறையியலாளர் கால்வினைப் படிக்கிறவராக இருந்தால், 1553-இல் அவர் இருந்த ஜெனீவாவில், அவரோடு முரண்பட்ட செர்வெட்டஸ் என்ற இறையியலாளர் உயிரோடு எரிக்கப்பட்ட கதை உங்கள் காதுக்கு வந்திருக்கும். எனக்கு அப்படி வந்தது, பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லுத்தரைப் பற்றி. அதனால் லுத்தரை வைத்தே சொல்கிறேன். நான் இறையியல் கல்லூரியில் படித்தவன் இல்லை, கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறவன். 'உனக்கு என்ன தகுதி' என்று கேட்கப் போகிறவர்களுக்கு என் பதில் இதுதான்: இதைத் தின்று வளர்ந்தவன் நான்.

எங்களுடையது தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். 1706 ஜூலையில் சீகன்பால்க் என்ற ஜெர்மன் லுத்தரன் மிஷனரி வந்து இறங்கிய கரை அது. 36 வயதில் இறந்துபோன அந்த மனிதர் அதற்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிவிட்டார். விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லித் தரும் லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தையும் தமிழில் தந்திருந்தார். தாத்தா கிராமத்துச் சபையில் உபதேசியார். கூடத்தில் கறுப்புத் தொப்பியும் கறுப்பு அங்கியுமாக லுத்தர் படம் தொங்கும். ஏழெட்டு வயதுவரை அவர் தாத்தாவின் அப்பா என்றுதான் நினைத்திருந்தேன். விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். தாத்தா பத்துக் கட்டளைகளை (நாங்கள் கற்பனைகள் என்போம்) ஒவ்வொன்றாகச் சொல்லி 'இதற்கு அர்த்தம் என்ன?' என்று கேட்பார், நாங்கள் வரிசையாக ஒப்பிப்போம். அப்பாவுக்கு அடி விழுந்ததும் அதில்தான், எனக்கு மிட்டாய் கிடைத்ததும் அதில்தான். அப்படி வளர்ந்தவனிடம் லுத்தரைக் குறை சொன்னால் வீட்டுப் பெரியவரைத் திட்டியது மாதிரிதான் இருக்கும்.

2017 அக்டோபர். சீர்திருத்தத்தின் 500-ஆம் ஆண்டு. வாலிபர் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் பேசினேன். பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 1517-இல் எழுதிய 95 கருத்துரைகள், 1521-இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன்னால் பின்வாங்காமல் நின்றது, வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்து புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் கொண்டுவந்தது, எல்லாம். முடித்ததும் பின் வரிசையிலிருந்து கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "அண்ணா, 1543-ல யூதர்களைப் பத்தி அவர் எழுதினதை நீங்க சொல்லவே இல்லையே?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "அதெல்லாம் எதிரிகள் கட்டிவிட்ட கதை, யூடியூபில் பார்க்கிறதை எல்லாம் நம்பாதே" என்றேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தாள்.

அன்றைக்கு ராத்திரி அவள் சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் தேட ஆரம்பித்தேன். பொய் இல்லை. 'யூதர்களும் அவர்களுடைய பொய்களும்' என்று லுத்தரே தன் கையால் எழுதிய புத்தகம். சும்மா வாய்த் தவறாக வந்த வார்த்தை என்று தள்ளவும் முடியாது. ஆட்சியாளர்களுக்கு யோசனை சொல்கிறார்: அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்துங்கள், வீடுகளை இடியுங்கள், ஜெபப் புத்தகங்களைப் பிடுங்குங்கள், ரபிகள் என்ற யூத போதகர்கள் போதித்தால் உயிர் போகும் என்று தடை போடுங்கள், சாலையில் அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்காதீர்கள், பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இளசுகள் கையில் கோடரியையும் மண்வெட்டியையும் கொடுத்து வேலை வாங்குங்கள். 1946-இல் நாஜிகளின் போர்க்குற்றங்களுக்கு நடந்த நியூரம்பெர்க் விசாரணையில் ஜூலியஸ் ஸ்ட்ரைக்கர் என்ற நாஜி, இந்தப் புத்தகத்தைக் காட்டி, லுத்தரும் இன்று என் இடத்தில் நின்றிருப்பார் என்கிற மாதிரி வாதாடியிருக்கிறான். அந்த வரியைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

'அந்தக் காலம் அப்படி' என்று பின்னூட்டத்தில் எழுதப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நானும் முதலில் அங்கேதான் போய் ஒதுங்கினேன். ஆனால் அதே காலத்தில், அதே நியூரம்பெர்க்கில், ஒசியாண்டர் என்ற லுத்தரன் போதகர் இருந்தார். யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொன்று ரத்தம் எடுக்கிறார்கள் என்ற பழி பொய் என்று பெயர் போடாமல் புத்தகமே எழுதினார். அதெல்லாம் எதற்கு, 1523-இல் லுத்தரே யூதர்களிடம் அன்பாக நடந்துகொள்ளுங்கள், வேலை செய்து பிழைக்க விடுங்கள் என்று எழுதியவர். தெரியாதவர் இல்லை, தெரிந்தும் மாறினவர். 1542-இல் அவருடைய செல்ல மகள் மக்தலேனா 13 வயதில் இறந்துபோனாள், அவருக்கும் உடம்பு முழுக்க நோய். அதற்காக எனக்கு இன்றும் மனசு வலிக்கிறது. ஆனால் எத்தனையோ அப்பன்மார் பிள்ளையைப் பறிகொடுத்திருக்கிறார்கள், அதற்காக அடுத்தவன் ஜெப ஆலயத்தைக் கொளுத்தச் சொல்லவில்லை.

இங்கே ஒரு ஆதங்கத்தைக் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். அந்த 500-ஆம் ஆண்டுக்கு எங்கள் ஊரில் ஒரு சபையின் வாசலில் இருபதடி ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். லுத்தர் நடுவில், சுற்றிலும் கமிட்டிக்காரர்கள் படம். அதே மாதம் விழாவுக்கு இடம் வேண்டும் என்று வெஸ்ட்ரி என்கிற ஆலயத்துப் பக்க அறையில் இருந்த பழைய புத்தக அலமாரியைக் காலி செய்து, பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் எடைக்குப் போட்டுவிட்டார்கள். பிரசங்கப் புத்தகங்கள், கீர்த்தனைகள், பழைய பாட்டுப் புத்தகங்கள். கேள்விப்பட்டு ஓடினேன். பாதி போய்விட்டது. சாக்குக்குள் கையை விட்டுத் துழாவியதில் அட்டை கிழிந்த ஒரு சின்ன ஞானோபதேசம் கிடைத்தது. முதல் பக்கத்தில் ஊதா மையில் தாத்தாவின் கையெழுத்து. படத்தைப் பெரிதாக்கினார்கள், புத்தகத்தைத் தூக்கிப் போட்டார்கள். எட்டு வருஷமாகியும் எனக்கு அது ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லுத்தரின் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் படித்த ராத்திரிக்கு அப்புறம் இரண்டு மூன்று வாரம் நான் நானாக இல்லை. கூடத்துப் படத்தைக் கழற்றிவிடலாமா என்று யோசித்தேன். மனைவி, "உங்க இஷ்டம், ஆனா மாமா கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றாள். ஒரு சாயங்காலம், கடையிலிருந்து மீட்டு வந்த அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மகளுக்கு எட்டாம் கற்பனை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வரிசையில் பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது எட்டாவது. "இதற்கு அர்த்தம் என்ன?" என்று கேட்டேன். அவள் விரல் வைத்துப் படித்தாள். பிறனைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது, காட்டிக்கொடுக்கக் கூடாது, அவன் பெயரைக் கெடுக்கக் கூடாது, அவனுக்காகப் பரிந்து பேசி, அவனைப் பற்றி நல்லதாகச் சொல்லி, அவன் காரியம் எல்லாவற்றையும் நல்லவிதமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த கற்பனைக்குப் போக எனக்கு வாய் வரவில்லை. இதை எழுதியது 1529-இல். எழுதியவரும் லுத்தர்தான். 1543-ஆம் வருஷத்துப் புத்தகத்தை எந்தக் கோலால் அளக்க வேண்டுமோ, அந்தக் கோலை என் மகள் கையில் கொடுத்ததே அவர். அவரைக் குற்றவாளி என்று சொல்ல நான் வெளியே யாரிடமும் போக வேண்டியதில்லை, அவருடைய ஞானோபதேசமே போதும். பின் வரிசையில் எழுந்து நின்ற அந்தப் பெண்ணுக்கு நான் செய்ததும் அதே எட்டாம் கற்பனைக்குள்தான் வருகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அவர்களுடைய நல்ல பக்கத்தை உண்மையாகவே நம்புங்கள். அதை வைத்தே கெட்ட பக்கத்துக்குத் தீர்ப்புச் சொல்லுங்கள். நல்ல பக்கத்தை நம்பாதவனுக்குத்தான் மற்றதை மறைக்க வேண்டிவரும். அவர்களில் சிறந்தவர்கள் நம்மிடம் கேட்டுக்கொண்டதும் இதுதான். பழங்காலத் திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகுஸ்தீன் வயதான காலத்தில் தன் புத்தகங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே தவறினேன் என்று திருத்தி ஒரு தனிப் புத்தகமே எழுதினார். 1522-இல் தன் பெயரால் சபையை அழைக்கக் கூடாது என்று லுத்தர் கெஞ்சியிருக்கிறார்: லுத்தர் யார், இந்தப் போதகம் என்னுடையதல்ல, நான் யாருக்காகவும் சிலுவையில் அறையப்படவில்லை என்று. தன்னைப் புழு நெளியும் நாற்றமெடுத்த மூட்டை என்றுகூட அதில் சொல்கிறார். நாம் கேட்கவில்லை, அவர் பெயரைத்தான் வைத்துக்கொண்டோம். 'பவுல் யார்? அப்பொல்லோ யார்?' என்று, ஆளுக்கொரு போதகர் பெயரைச் சொல்லிப் பிரிந்து நின்ற கொரிந்து சபையாரிடம் பவுலே கேட்ட கேள்வி நமக்கும் சேர்த்துத்தான்.

வீட்டு விஷயத்தை ஏன் வெளியில் பேசுகிறாய் என்று எங்கள் ஆட்களே கோபப்படுவார்கள். லுத்தரன் உலக சம்மேளனம் 1984-இல் புடாபெஸ்டில் கூடியபோதே லுத்தரின் அந்த எழுத்துகளை ஏற்க முடியாது என்று அறிவித்துவிட்டது. நான் புதிதாக எதையும் வெளியில் போடவில்லை.

அந்தப் பெண் அதற்குள் படிப்பு முடிந்து சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவள் அம்மாவிடம் நம்பர் வாங்கிப் பேசினேன். "நீ சொன்னதுதான்மா உண்மை, எல்லார் முன்னாடியும் உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னிச்சிடு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எனக்கும் லுத்தரைப் பிடிக்கும்ணா, பிடிச்சதாலதான் தேடித் தேடிப் படிச்சேன்" என்றாள்.

இப்போதெல்லாம் அக்டோபரில் சபையில் முழு உறுப்பினராகச் சேரத் தயாராகும் திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் நான் பாடம் எடுக்கிறேன். எட்டாம் கற்பனையின் அர்த்தத்தை முதலில் எல்லோரையும் சத்தமாக வாசிக்கச் சொல்வேன். அடுத்து 1543-ஐ எடுப்பேன்.