பேஸ் கிளாரினெட்டுக்கு மௌத்பீஸ் வாங்குமுன்

டர்பனை அடுத்த சேட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பல காலமாகச் சாதாரண பி ஃப்ளாட் கிளாரினெட் வாசித்து வரும் அவர், அண்மையில் ஒரு பள்ளி பேண்டு விற்ற பழைய பேஸ் கிளாரினெட்டை (ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் பெரிய கிளாரினெட்) வாங்கி, கோயில் பஜனையில் ஆர்மோனியத்தோடு 1 கட்டை சுருதியில் (ஷட்ஜம் சி ஆக ஒலிக்கும்படி) வாசிக்கிறார். கீழ்ச் சுரங்கள் கனமாக வருகின்றன, மத்திய ஸ்தாயியில் பஞ்சமத்தைத் தாண்டினால் கீச்சிடுகிறது, சுரத்தை நெளித்து அசைக்கும் கமகமும் பிடிபடவில்லை. கருவியோடு வந்த பிளாஸ்டிக் மௌத்பீஸை, அதாவது வாயில் வைத்து ஊதும் பகுதியை, கழித்துவிட்டு, இருப்பதிலேயே அகலமாகத் திறந்த ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவிக்குமாறு நண்பர்கள் சொல்கிறார்களாம். எதை வாங்கலாம் என்பது அவருடைய கேள்வி.

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் முதல் பதில். நீங்கள் சொல்லும் கீச்சொலி எந்த இடத்தில் எழுகிறது என்று பாருங்கள். பேஸ் கிளாரினெட்டில் டி என்று எழுதப்படும் சுரம் சி ஆக ஒலிக்கும். ஆகவே 1 கட்டையில் வாசிக்கும்போது உங்கள் ஷட்ஜம் எழுத்தில் டி ஆகவும் பஞ்சமம் ஏ ஆகவும் அமைகின்றன. ரெஜிஸ்டர் கீயை (மேல் சுரங்களுக்குத் தாவ உதவும் விசை) அழுத்தி வாசிக்கும் மேல் பகுதியில் அந்த ஏ-யும் அதற்கு மேலுள்ள சுரங்களும்தான் இந்தக் கருவியின் மிகப் பலவீனமான இடம். உயர்தரக் கருவிகளில் ரெஜிஸ்டர் கீக்கு இரண்டு துளைகள் இருக்கும். வாசிக்கும் சுரத்துக்கு ஏற்ப அவற்றுள் ஒன்று தானாகத் திறக்கும். பழைய மாணவர் கருவிகள் பலவற்றில் ஒரே துளைதான் உண்டு என்பதால், மேல் சுரங்கள் அங்கே இயல்பாகவே தயங்கும். எந்த மௌத்பீஸும் அந்தக் குறையை முழுமையாக நீக்கிவிடாது.

அதற்கும் முன்னால் காற்றுக் கசிவைச் சோதிக்க வேண்டும். மேல் பாகத்தைக் கழற்றி, எல்லாத் துளைகளையும் விரலாலும் கீயாலும் மூடி, கீழ் முனையை உள்ளங்கையால் அடைத்து, மேல் முனை வழியாகக் காற்றை உறிஞ்சுங்கள்; உறிஞ்சிய இறுக்கம் சில விநாடிகளாவது நிற்க வேண்டும். உடனே தளர்ந்தால் ஏதோ ஒரு பேட் (கீயின் அடியில் துளையை மூடும் மெத்தை) சரியாக உட்காரவில்லை என்று பொருள். பேடுக்கும் துளைக்கும் நடுவே மெல்லிய சிகரெட் தாளை வைத்து மூடி, மெதுவாக இழுத்துப் பார்த்தால் எந்தப் பேட் என்பதும் தெரிந்துவிடும். இடது கைச் சுட்டுவிரல் தட்டில் உள்ள சிறு துளையையும், இரண்டு பாகங்களையும் இணைக்கும் பாலக் கீ நேராகப் பொருந்தியிருக்கிறதா என்பதையும் தவறாமல் பாருங்கள். பள்ளிகளில் பலர் கைபட்டு வந்த கருவிகளில் முதலில் கோணலாவது அந்தப் பாலக் கீதான். மௌத்பீஸின் மேல் சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி உண்மையில் பேடுகளுக்கு உரியது என்பது என் கருத்து.

அடுத்து உங்கள் வாய்ப்பிடிப்பு. சிறிய கிளாரினெட்டிலிருந்து வருபவர்கள் மௌத்பீஸின் நுனியை மட்டும் வாயில் வைத்து இறுக்கிக் கடிப்பது வழக்கம். பேஸில் அது உதவாது. இன்னும் உள்ளே எடுத்துக்கொண்டு, தாடையைத் தளர்த்தி, நிறையக் காற்றை நிதானமாகச் செலுத்த வேண்டும். எவ்வளவு உள்ளே என்று அறிய, ரீடை (மௌத்பீஸில் கட்டப்படும், அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய நாணல் தகடு) கட்டிய பிறகு மெல்லிய தாள் ஒன்றை ரீடுக்கும் மௌத்பீஸுக்கும் இடையே நுனியிலிருந்து செருகுங்கள். தாள் எங்கே தடைபட்டு நிற்கிறதோ, அந்த இடத்தை ஒட்டி உங்கள் கீழுதடு அமர வேண்டும். இந்த ஒரு மாற்றத்திலேயே கீச்சொலி பாதியாகக் குறைவதை நீங்கள் காணக்கூடும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் குறை நீடித்தால் மௌத்பீஸை மாற்றலாம். சிறிய கிளாரினெட்டில் நுனித் திறப்பு (மௌத்பீஸின் நுனிக்கும் ரீடுக்கும் இடையிலுள்ள இடைவெளி) பெரும்பாலும் 1 மி.மீ. முதல் 1.2 மி.மீ. வரை இருக்கும்; பேஸில் ஏறத்தாழ 1.6 முதல் 2.2 மி.மீ. வரை போகும். திறப்பு அகன்றால் ஒலியின் அளவும் சுரத்தை வளைக்கும் வசதியும் கூடும். ஆனால் ரீடு மென்மையாக இருக்க வேண்டும், உதடு விரைவில் களைக்கும், சுருதியை நிறுத்த அதிகக் கவனம் வேண்டும். திறப்பு குறுகினால் கட்டுப்பாடு எளிதாகும். அதற்குச் சற்றுக் கடினமான ரீடு தேவைப்படும். இதனோடு, ரீடிலிருந்து மௌத்பீஸ் வளைந்து விலகத் தொடங்கும் பகுதியின் நீளத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும்: அகன்ற நுனியும் நீண்ட வளைவும் உள்ள ஒன்று, அதே நுனியோடு குட்டையான வளைவு கொண்டதைவிட எளிதில் ஊதப்படும். ஆகவே நுனித் திறப்பின் அளவை மட்டும் பார்த்து வாங்குபவர் பாதிச் செய்தியோடுதான் வாங்குகிறார். எபோனைட்டா (கடினமாக்கிய ரப்பர்) பிளாஸ்டிக்கா படிகமா என்ற வாதத்துக்கு நான் அதிக மதிப்பளிப்பதில்லை. வளைவும் உள்ளறையும் (மௌத்பீஸின் உட்குழி) நேர்த்தியாகச் செதுக்கப்பட்டிருந்தால் பொருளின் பங்கு சிறியதே. ஆனால் நேர்த்தியாகச் செதுக்கப்பட்டவை பெரும்பாலும் எபோனைட்டில்தான் வருகின்றன.

உள்ளறையைப் பற்றி ஒரு சொல். அதன் கொள்ளளவு கூடக்கூடச் சுருதி இறங்கும்; அந்த இறக்கம் குழாயின் குட்டையான நீளத்தில் ஒலிக்கும் சுரங்களில், குறிப்பாக எழுத்தில் ஜி, ஏ என வரும் தொண்டைச் சுரங்களில், மிகுதியாகத் தெரியும். எனவே புதிய மௌத்பீஸைச் சோதிக்கும்போது கீழ்ச் சுரத்தின் கம்பீரத்தில் மயங்காமல், சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டு, தொண்டைச் சுரங்களையும் அவற்றின் அடுத்த ஸ்தாயிச் சுரங்களையும் நிதானமாக ஒப்பிட்டுக் கேளுங்கள்.

இனி கமகம். கர்நாடக இசையில் கிளாரினெட்டை நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவரும் 2008-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவருமான ஏ.கே.சி. நடராஜன் போன்றோரின் வாசிப்பைக் கேட்டவர்கள், அதே நெளிவுகளைப் பேஸிலும் எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் சிறிய கிளாரினெட்டில் விரல் நேரடியாகத் துளையின் மேல் அமர்கிறது. பாதி திறந்தும் வழித்தும் சுரத்தை நெளிக்க முடிகிறது. பேஸில் ஏறக்குறைய எல்லாத் துளைகளையும் பேடுகளே மூடுகின்றன. கீயை எவ்வளவு மெல்ல விடுவித்தாலும் சிறிய சறுக்கலே கிடைக்கும். ஆகவே நெளிவின் பெரும்பகுதியை உதடும் தாடையும் நாக்கின் நிலையுமே செய்தாக வேண்டும். சீவாளியை உதட்டால் ஆளும் நாதஸ்வரக்காரரின் பழக்கம் இங்கே துணை வரும். உதட்டால் சுரத்தைக் கீழே இறக்குவது எளிது, மேலே ஏற்றுவது கடினம். கருவியின் கீழ்ச் சுரப் பகுதியில் அந்த இறக்கம் மிகக் குறைவு, ரெஜிஸ்டர் கீயோடு வாசிக்கும் மேல் பகுதியில் தாராளம். உங்கள் மத்திய ஸ்தாயி முழுவதும் மேல் பகுதியில் விழுவதால் 1 கட்டை உங்களுக்கு நல்ல தேர்வுதான். ஒரு சுரத்தை மேலிருந்து தொட்டு இறங்கும் பிடிகளை முதலில் பழகுங்கள்; கம்பிதம் என்னும் அசைவுக் கமகத்துக்கு அடுத்த கீயின் விரைவான அசைவையும் உதட்டின் தளர்வையும் ஒருசேரப் பயன்படுத்துங்கள்.

இந்தக் காரணத்தால், உங்கள் நண்பர்கள் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. இறுக்கமான மௌத்பீஸில் சுரம் வளையாது. ஆனால் ஆக அகலமானது உங்கள் பஞ்சமத்துக்கு மேலான சுரங்களை மேலும் தள்ளாட வைக்கும். நடுத்தரமோ அதற்குச் சற்று மேலோ திறந்ததைத்தான் நான் பரிந்துரைப்பேன். செல்மர் நிறுவனத்தின் சி ஸ்டார் நெடுங்காலமாக இசைக்குழுக்களில் புழங்கும் நம்பகமான வகை; சற்று அடக்கமான திறப்பு. வண்டோரன் பி45 உங்கள் தேவைக்கு நெருக்கமானது என்று எண்ணுகிறேன். அதே நிறுவனத்தின் பி50 இன்னும் அகன்றது. ஜாஸ் வாசிப்பவர்கள் அதை விரும்புவதில் வியப்பில்லை. உங்களுக்கு அது இரண்டாவது மௌத்பீஸாக இருக்கட்டும். ரீடு 2½ வலிமையில் தொடங்கி, தேவையெனில் 3-க்குச் செல்லுங்கள். பேஸ் ரீடு கடையில் இல்லாத நாளில் டெனர் சாக்ஸபோன் ரீடு பெரும்பாலும் பொருந்திவிடும். அதையே விரும்பி வாசிப்பவர்களும் உண்டு. டர்பனின் ஈரக் காற்றில் சரியாக இருக்கும் ரீடு, ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் உள்ள ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்தில் நெளிந்து வேறொன்றாக நடந்துகொள்ளும். அங்கே கச்சேரி இருந்தால் அரை வலிமை கூடியதும் குறைந்ததுமாகச் சில ரீடுகளை எடுத்துச் செல்லுங்கள்.

பணம் அனுப்புமுன் ஓர் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் மௌத்பீஸின் அடிப்பகுதி கழுத்துக்குழாயின் உள்ளே செருகப்படுகிறது; அந்த வாயின் குறுக்களவு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கார்க் தடித்திருந்தால் தேய்த்துக் குறைக்கலாம், தளர்ந்தால் புதிதாக ஒட்டலாம். ஆனால் அடியில் உள்ள எபோனைட்டே பெரிதாக இருந்தால் கருவி பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும். வெளிநாட்டு விலையோடு அஞ்சல் செலவு, 15 விழுக்காடு வாட் வரி, பொருந்தும் இடத்தில் சுங்கம் ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள். சோதித்துத் திருப்பி அனுப்பலாம் என்று விற்பவர் சொன்னாலும், போகவர ஆகும் செலவு உங்களுடையதே. எனவே ஒரு வழி உண்டு: குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக இசைத்துறையிலோ குவாசுலு-நட்டால் பில்ஹார்மோனிக் இசைக்குழுவிலோ பேஸ் கிளாரினெட் வாசிக்கும் ஒருவரை அணுகி, உங்கள் கருவியில் அவருடைய மௌத்பீஸையும் அவர் கருவியில் உங்கள் பிளாஸ்டிக் மௌத்பீஸையும் மாற்றி வாசித்துப் பாருங்கள். அவருடைய கருவியில் உங்கள் மௌத்பீஸ் பஞ்சமத்துக்கு மேலே தடையின்றிப் பாடினால், செலவழிக்க வேண்டியது பேடுகளுக்குத்தான்.